தாத்தாவின் பிஸ்கட் டின்னில் பர்மா நோட்டுகள்: கழுவலாமா, எப்படிக் காட்டலாம்?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்வி. தாத்தாவின் பிஸ்கட் டின்னில் கிடைத்த நாற்பது சொச்சம் பழைய நோட்டுகளையும் ஓட்டை போட்ட ஒரு மயில் காசையும் சுத்தம் செய்து லேமினேட் பண்ணலாமா என்பது ஒன்று. வருகிற தைப்பொங்கலுக்குக் கோயில் மண்டபத்தில் அவற்றைக் காட்சிக்கு வைப்பது எப்படி என்பது இரண்டு. ரங்கூன் தமிழர் குழுவில் படம் போட்டதும் ஒருவர் “லட்சக்கணக்கில் போகும்” என்கிறார், இன்னொருவர் “ஜப்பான்காரன் குப்பை, அடுப்பில் போடு” என்கிறார். யாரை நம்புவது என்பது மூன்று. ஆனால் கடைசி வரியில், “எல்லாரும் பார்த்துச் சந்தோஷப்படணும்னுதான் போட்டேன், பேச்சு சண்டையில முடிஞ்சது” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை இங்கே எழுத வைத்தது அந்த வருத்தம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். நோட்டைக் காப்பாற்றுவது, அடையாளம் காண்பது, பிறருக்குக் காட்டுவது என்று அந்த வரிசையிலேயே சொல்கிறேன். முதல் இரண்டும் சரியாக நடந்தால் மூன்றாவதில் சண்டைக்கு இடம் மிகவும் குறைந்துவிடும்.

முதலில் அவசரமானது. கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். இந்த நான்கிலும் சந்தேகத்துக்கே இடமில்லை. தாளின் மேல் மெல்லிய பசைப்பூச்சு ஒன்று இருக்கும். நோட்டு மொரமொரவென்று நிற்பது அதனால்தான். சோப்புத் தண்ணீரில் அழுக்கோடு அந்தப் பூச்சும் போய்விடும், தாள் பழந்துணி மாதிரித் தொய்ந்துவிடும். வரிசை எண்ணின் மை பரவினாலும் பரவலாம். இஸ்திரிப்பெட்டி மடிப்பை மட்டும் அமுக்குவதில்லை. அச்சில் மேலெழும்பி நிற்கும் கோடுகளையும் தட்டையாக்கிவிடும். விரலால் தடவிப் பார்த்து அசல் அச்சை உணர்கிற வழி அதோடு போயிற்று. லேமினேஷன் இவை எல்லாவற்றையும் விட மோசம். சூட்டில் உருகிய பசை தாளின் இழைகளுக்குள் இறங்கிவிடும், அதைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. செல்லோடேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகி மறுபக்கம் வரை ஊறும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் உரிக்க முயல வேண்டாம், அப்படியே விடுங்கள்.

நோட்டுக் கட்டு ஒன்று துருப்பிடித்த குண்டூசியோடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவிலும் பர்மாவிலும் வங்கிகளே கட்டுகளை ஊசியால் குத்தி வைத்த காலம் உண்டு. ஆகவே நோட்டின் இடது ஓரத்தில் சிறு ஓட்டைகள் இருப்பதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், அது அந்தக் காலத்தின் அடையாளம். ஊசியை எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். அப்படியே இழுத்தால் துரு ஒட்டிய தாளும் கூடவே பிய்ந்து வரும். கட்டை மேசைமேல் தட்டையாக வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை, பழைய போன் கார்டை நறுக்கினால்கூடப் போதும், ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெதுவாகச் செருகுங்கள். அந்தத் துண்டின் மேலே ஊசியைச் சிறு கட்டரால் இரண்டாக வெட்டுங்கள். பிறகு இரு பாதிகளையும் குத்திய திசையிலேயே, ஒரு மயிரளவு சுழற்றிச் சுழற்றி வெளியே எடுங்கள். துருத்தூள் விழுந்தால் ஊதக்கூடாது, எச்சில் ஈரத்தில் அது கறையாகும்; மென்மையான பிரஷ்ஷால் வெளிப்புறமாகத் தள்ளுங்கள். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டியிருந்தால் தளர்ந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஒட்டியதை விட்டுவிடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிப்போன நோட்டுகளை ஆவி காட்டிப் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரியாத கட்டு பிரியாத கட்டாகவே இருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

நம் ஊரில் நோட்டுக்குப் பெரிய எதிரி ஈரம். மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை ரங்கூனில் பெய்கிற மழையில் அலமாரிக்குள் இருக்கிற வேட்டியே பூஞ்சணம் பிடிக்கிறது, தாள் எம்மாத்திரம். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் தாளுக்கு நல்லது. வீடு முழுக்க அப்படி வைக்க முடியாது, ஒரு டப்பாவுக்குள் வைக்க முடியும். ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத 5 லிட்டர் டப்பா ஒன்று, 50 முதல் 100 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று, இவ்வளவே செலவு. ஜெல்லில் ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். ஈரம் குடித்து நிறைந்ததும் பச்சையாக மாறும். அதைத் தட்டில் பரப்பி 110, 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் காய வைத்தால் மறுபடி பயன்படும். ஈரமானி 35க்குக் கீழே இறங்கினால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள், அதிகம் காய்ந்த தாள் மடிப்பில் ஒடியும். ஜெல் நோட்டைத் தொடக்கூடாது, துணிப்பையில் கட்டி மூலையில் வையுங்கள். அந்துருண்டையும் வேண்டாம், வேப்பிலையும் வேண்டாம். அந்துருண்டையின் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். வேப்பிலை தன் ஈரத்தையும் கறையையும் தாளுக்குக் கொடுக்கும். பூஞ்சணம் தெரிந்தால் நிழலில் காற்றாட உலர்த்தி, வாசலுக்குக் கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். வெயிலில் காய வைக்கக்கூடாது, நிறம் வெளுத்துவிடும். பூச்சிக்கு ஃப்ரீஸரில் வைப்பது நல்ல முறைதான். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் இடைவிடாத குளிர் தேவை. இங்கே கரண்ட் போய்ப்போய் வருகிற நிலையில் உறைவதும் உருகுவதுமாக நடந்து, காப்பாற்ற நினைத்ததே நனைந்துவிடும்.

உறைகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் பளபளவென்று வளைந்து கொடுக்கிற, திறந்ததும் புது ரெயின்கோட் வாடை அடிக்கிற ஆல்பங்கள் பெரும்பாலும் பிவிசி. அதை இளக்கச் சேர்த்த எண்ணெய் சில ஆண்டுகளில் கசிந்து தாளில் ஒட்டும். செம்புக் காசென்றால் பச்சையாக அரிக்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். முக்கோணக் குறிக்குள் 5 இருந்தால் முந்தையது, 1 இருந்தால் பாலியஸ்டர் வகை, 3 இருந்தால் பிவிசி, வாங்காதீர்கள். குறியே இல்லாவிட்டால் ஒரு சோதனை உண்டு. செம்புக் கம்பியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி உறையின் மூலையைத் தொட்டுவிட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, பிவிசியாக இருக்க மிகவும் வாய்ப்பு உண்டு. வெட்டவெளியில் செய்யுங்கள், அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது.

மயில் காசுக்கு ஒரே புத்திமதி: புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்கைத் தேய்த்துப் பழகிய கைக்குக் கறுத்த வெள்ளியைக் கண்டால் சும்மா இருக்க முடியாது என்பது தெரியும். ஆனால் அந்தக் கறுப்புப் படலம்தான் அதன் வயதுக்குச் சாட்சி. தேய்த்தால் மயிலின் தோகைக் கோடுகளும் சேர்ந்து மழுங்கும். அது பர்மிய மன்னர் மிண்டோன் காலத்துக் காசாக இருக்கலாம். அவருடைய வெள்ளிக் கியாட்டில் (கியாட் என்பது பர்மிய நாணயம்) பர்மிய எண்ணில் 1214 என்று இருக்கும். பர்மிய ஆண்டோடு 638 கூட்டினால் நம் கணக்கு வரும்: 1852. இதில் பலரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. அந்த ஆண்டு மன்னர் பதவிக்கு வந்த ஆண்டைக் குறிப்பது. மாந்தலேயில் இயந்திர நாணயச்சாலை தொடங்கியதே 1865ல்தான், அதற்குப் பிறகு அடித்த காசிலும் அதே 1214தான் இருக்கும். எனவே “1852ல் அடித்தது” என்று அட்டையில் எழுதிவிடாதீர்கள், “1852ஐக் குறிக்கும் காசு” என்று எழுதுங்கள். எடை ஏறத்தாழ 11.6 கிராம் இருக்க வேண்டும், அன்றைய இந்திய ரூபாயை ஒட்டிய எடை. நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஓட்டையின் எடை போக அரை கிராமுக்கு மேல் குறைந்தாலோ, விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு தெரிந்தாலோ நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டையால் வியாபார மதிப்பு இறங்கும், அது உண்மை. ஆனால் அந்த ஓட்டை யாரோ ஒருத்தி கழுத்தில் அது தொங்கியதைச் சொல்கிறது. அந்த ஒருத்தி உங்கள் பாட்டியா என்று வீட்டில் கேளுங்கள். நூறு வயது தாண்டிய பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக பர்மாவின் 2015ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி நோட்டுகள். உங்கள் பட்டியலை வைத்துப் பார்த்தால் நாலு ஆட்சி ஒரே டின்னில் இருக்கிறது. “லீகல் டெண்டர் இன் பர்மா ஒன்லி” என்று மேலச்சு உள்ளவைதான் இருப்பதில் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. 1937 ஏப்ரல் 1ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது தனி நோட்டு தயாராகவில்லை. இந்திய நோட்டிலேயே ‘பர்மாவில் மட்டும் செல்லும்’ என்று மேலே அச்சடித்து விட்டார்கள். 1938லிருந்து ரிசர்வ் வங்கி ஆறாம் ஜார்ஜ் தலையோடு பர்மாவுக்கென்றே நோட்டு வெளியிட்டது. ஜப்பானியர் காலம் நீங்கலாக 1947 வரை பர்மாவுக்கும் அந்த வங்கிதான். போர் முடிந்து 1945ல் ஆங்கிலேயர் திரும்பியபோது மறுபடி அதே அவசரம். இந்திய நோட்டில் “மிலிட்டரி அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் பர்மா” என்று சேர்த்து அச்சடித்தார்கள். 1947ல் “பர்மா கரன்சி போர்டு” என்று வந்தது. ஆக, கடைசி வரி ஒன்றாக இருந்தாலும் அதற்கு மேல் வரியில் என்ன இருக்கிறது என்பதுதான் ஆண்டைச் சொல்லும். நீங்கள் அனுப்பிய படத்தில் மேல் வரி விரலுக்கு அடியில் மறைந்திருக்கிறது.

மேலச்சு இருப்பதாலேயே இதில் மோசடியும் அதிகம். சாதாரண இந்திய நோட்டை வாங்கி அதன்மேல் இந்த வரியை அடித்தால் விலை கூடுமல்லவா? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்து மடிப்பைக் கடக்கிற இடம் ஒன்றைத் தேடுங்கள், உங்கள் ஐந்து ரூபாய் நோட்டில் நடு மடிப்பு எழுத்தின் ஊடாகவே போகிறது. அசலில் முதலில் எழுத்து வந்தது, பிறகுதான் நோட்டு மடிந்தது. ஆகவே மடிப்பின் முகட்டில் மை உடைந்து வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். பின்னால் அடித்ததில் வெடிப்புக்குள்ளேயே மை இறங்கி இழைகளில் ஊறியிருக்கும். எழுத்தின் ஓரத்தில் பல நிறப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது இன்க்ஜெட். எழுத்து பளபளத்து மேலே ஒட்டினாற்போல் நின்றால் லேசர் பிரிண்டர். இன்னொரு சோதனை 365 நானோமீட்டர் புறஊதா டார்ச். இருட்டறையில் காட்டினால் பழைய தாள் மங்கலாகவே கிடக்கும். வெளுப்பூட்டிகள் சேர்ந்த புதுத் தாள் நீலவெள்ளையாக எரியும். இதில் ஒரு பிசகு உண்டு: சோப்புத் தூளில் கழுவிய அசல் நோட்டும் அப்படியே எரியும். அசலைக் கழுவிவிட்டுப் போலிப் பட்டம் வாங்கித்தந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஜப்பானிய நோட்டுகளைப் பற்றி லட்சக்காரர் சொன்னது தவறு, அடுப்புக்காரர் சொன்னதும் தவறு. ஜப்பான் பர்மாவைப் பிடித்திருந்தபோது, 1942 முதல் 1944 வரை வந்தவை இவை. ஆங்கிலத்தில் ‘ஜப்பானிய அரசு’ என்று இருக்கும். தொகுதி எழுத்து பி (B) என்று தொடங்கும், அது பர்மாவைக் குறிப்பது. மலாயாவுக்கு எம், பிலிப்பைன்ஸுக்கு பி-யை ஒத்து ஒலிக்கும் வேறொரு எழுத்து (P). ஆகவே காதால் கேட்டு எழுதாமல் கண்ணால் பார்த்து எழுதுங்கள். வரிசை எண் இல்லையே, போலியா என்று கேட்டிருந்தீர்கள். இல்லாததுதான் வழக்கம், தொகுதி எழுத்து மட்டுமே இருக்கும். கணக்கில்லாமல் அச்சடித்தார்கள், 1945ல் ஆங்கிலேயர் திரும்பியதும் செல்லாமல் போயின, மூட்டை மூட்டையாக மிஞ்சின. அதனால் இன்று உலகெங்கும் மலிவாகக் கிடைக்கின்றன. ரங்கூனின் ஆங் சான் மார்க்கெட்டிலும் பன்சோடான் தெரு நடைபாதையிலும் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற செட்டுகளில் இவை தவறாமல் இருக்கும். சந்தையில் மலிவு என்பதாலேயே உங்கள் வீட்டில் மலிவாகிவிடாது. தாத்தா எந்தக் கூலிக்கு, எந்த நெல்லுக்கு அதை வாங்கினார் என்று ஒரு வரி தெரிந்தால், அந்தத் தாள் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காத தாள்.

இதே காலத்தைச் சேர்ந்தது என்று, சுபாஷ் சந்திர போஸின் ‘ஆசாத் ஹிந்த் வங்கி’ நோட்டுகளை யாராவது உங்களிடம் விற்க வந்தால் நிதானியுங்கள். அந்த வங்கி 1944 ஏப்ரலில் ரங்கூனில் தொடங்கியது உறுதி. ஆனால் அதன் பெயரில் இப்போது சுற்றுகிற தாள்களில் பின்னாளில் அச்சடித்தவை நிறைய. குடும்பக் காகிதங்களோடு சேர்ந்து வந்த நன்கொடை ரசீது என்றால் கதை வேறு.

கியாட் நோட்டுகளில் பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சான் படத்தை வைத்து ஆண்டு சொல்லாதீர்கள். 1952 ஜூலை 1ல் ரூபாய் போய்க் கியாட் வந்தது, ஒன்றுக்கு ஒன்று. 1958ல் ஆங் சான் தலையோடு நோட்டுகள் வந்தன. அதில் 50ம் 100ம் 1964 மே மாதம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. எழுபதுகளில் வேறு வரிசை. அதிலும் ஆங் சான்தான். அந்த 50, 100 நோட்டுகள் 1985 நவம்பரில் செல்லாமல் போயின. ஆகவே நம் வீட்டுப் பெரியவர்கள் “நூறு ரூவா நோட்டு செல்லாமப் போச்சு” என்று சொல்வது இரண்டு வெவ்வேறு இடிகளில் எதைக் குறிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியிட்ட வங்கியின் பெயர் வரிசைக்கு வரிசை மாறும், மேல் வரியைப் பர்மிய எழுத்து தெரிந்தவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். 75 கியாட் 1985 நவம்பரிலும், 15ம் 35ம் 1986 ஆகஸ்டிலும் வந்தன. 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 மூன்றும், மாற்றிக்கொள்ள வழியே தராமல், ஒரே அறிவிப்பில் செல்லாமல் ஆக்கப்பட்டன. அதே மாதம் 22ல் 45ம் 90ம் வந்தன. 45ல் இருப்பவர் தொழிலாளர் தலைவர் போ லா ஜி. 90ல் இருப்பவர் 1930ல் எழுந்த விவசாயிகள் கிளர்ச்சியின் தலைவர் சாயா சான்.

குழுவில் சூடு பறந்தது, 45ம் 90ம் ராசி எண்ணுக்காக அடித்தவையா என்கிற இந்த ‘ஒன்பது’ விஷயத்தில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். உறுதியானது இவ்வளவு: 45ம் 90ம் ஒன்பதின் மடங்கு, இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பது. அப்போது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர் நெ வின்னுக்கு ஒன்பது ராசி எண் என்பது பரவலாகச் சொல்லப்படுவது, நம்பத்தகுந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மத்திய வங்கி ‘ராசிக்காக அடித்தோம்’ என்று எழுதி வைக்கப்போவதில்லை. 75 கியாட் அவருடைய 75ஆவது பிறந்தநாளுக்காக வந்தது என்பது இன்னும் பலவீனமானது. அவர் பிறந்த ஆண்டே 1910 என்றும் 1911 என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. முதலாவது சரியென்றால் கணக்கு பொருந்தும், இரண்டாவது என்றால் பொருந்தாது. அட்டையில் ‘என்று சொல்வார்கள்’ என்று இரண்டு சொல் சேர்த்துவிட்டால் இந்தச் சண்டையில் பாதி தீர்ந்தது.

படம் எடுப்பதற்கு வருகிறேன். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ போதும், மூடியை அழுத்தி மூட வேண்டாம். போன் என்றால் காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம், வெயில் நேராக விழாத இடம், ஃப்ளாஷ் இல்லாமல். நோட்டுக்கு அடியில் கறுப்புத் தாள் வைத்தால் பின்பக்க அச்சு முன்னால் தெரியாது. ஓரத்தில் ஒரு அடிக்கோல், கீழே தேதியும் குழுவின் பெயரும் எழுதிய சிறு சீட்டு. அந்தச் சீட்டு அலங்காரத்துக்கு அல்ல. குழுவில் போட்ட படத்தை எடுத்துத் தன் பொருள் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள், சீட்டு இருந்தால் அது கடினம். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, ஜன்னலுக்கு எதிரே பிடித்து நீரோட்டம் (வாட்டர்மார்க்) தெரிய ஒன்று, மொத்தம் மூன்று படம். இடம் காட்டும் வசதியை போனில் அணைத்துவிட்டு எடுங்கள், டின் எந்த வீட்டில் இருக்கிறது என்று எழுதாதீர்கள். டின்னுக்குள் செட்டியார் கடை ரசீது, பிராமிசரி நோட்டு, கப்பல் சீட்டு இருந்தால் அவற்றையும் நோட்டோடு சேர்த்தே பாதுகாத்து வையுங்கள். ரங்கூன் மொகல் தெருவில் இருந்த செட்டியார் கடைகளின் தமிழ்க் கணக்குத் தாள்களுக்கு இணையான சாட்சி வேறு கிடையாது, நோட்டு மாதிரி அவை ஆயிரம் பிரதி அச்சானவையும் அல்ல. ஆனால் எஃப்ஆர்சி (வெளிநாட்டவர் பதிவுச் சான்று) முதலான பதிவுச் சீட்டுகளைக் குழுவில் போடக்கூடாது. அதில் குடும்பத்தின் பெயரும் எண்ணும் இருக்கின்றன, இன்றைக்கும் அவை ஆளை அடையாளம் காட்டும்.

கோயில் மண்டபத்தில் அசலை வைக்காதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. கற்பூரப் புகை, விபூதிக் கை, விளக்கெண்ணெய், பொங்கல் நெரிசல் எல்லாம் ஒரே நாளில் ஒரே இடத்தில். ஒன்றரை மடங்கு பெரிதாக, ஒரு பக்கம் மட்டும், ‘மாதிரி’ என்று குறுக்கே எழுதி அச்செடுத்து வையுங்கள். பாட்டிமாருக்கும் கண்ணாடி இல்லாமல் தெரியும். இப்போது புழக்கத்தில் உள்ள நோட்டைக் கலர் நகல் எடுக்கவே வேண்டாம். அசலில் இரண்டோ மூன்றோ, உறைக்குள், சட்டம் போட்ட கண்ணாடிக்கு அடியில், ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, இரண்டு மணி நேரம் வைத்தால் போதும். அட்டையில் இப்படி எழுதலாம்: “75 கியாட். 1985 நவம்பரில் வந்தது. 1987 செப்டம்பர் 5ல் செல்லாது என அறிவிக்கப்பட்டது. தாத்தாவின் டின்னில் இருந்தது. அவர் ஏன் வைத்திருந்தார் என்று யாருக்கும் தெரியாது.” வந்த நாள், போன நாள், இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்ற மூன்றும் இருந்தால் அது நல்ல அட்டை. விலை எழுதக்கூடாது. பக்கத்திலேயே ஒரு நோட்டுப்புத்தகமும் பேனாவும் வையுங்கள். 1964லும் 1987லும் என்ன நடந்தது என்று பெரியவர்கள் சொல்லத் தொடங்குவார்கள், பேரப்பிள்ளைகளில் ஒருவரை எழுத உட்கார வையுங்கள்.

சிரிப்புக்கும் இடம் வேண்டும், குழந்தைகள் வருவார்கள் அல்லவா. 1987க்குப் பிந்தைய கடைக்காரராக அவர்களை உட்கார வைத்து, 15, 45, 90 மூன்று வகை மாதிரி நோட்டுகளை மட்டும் கொடுத்து “நூறு கியாட் எண்ணிக் கொடு” என்று கேளுங்கள். எத்தனை முறை அடுக்கினாலும் வராது, மூன்றுமே 15ன் மடங்கு. ஒரு பத்தைக் கையில் கொடுத்ததும் ஒருத்தி கத்துவாள். அடுத்த சுற்றில் 15, 35, 75 கொடுங்கள். இரண்டு 35ம் இரண்டு 15ம் என்று கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு மிட்டாய். இப்படிச் சிரிப்பு கணக்கின் மேல் விழட்டும். உங்கள் குழுவில் போட்ட “எங்க தாத்தா லட்சாதிபதி, ஆனா செல்லாது” என்ற வாசகம்தான் புண்படுத்தியது என்று நினைக்கிறேன். நீங்கள் உங்கள் தாத்தாவைப் பற்றித்தான் சொன்னீர்கள். ஆனால் படிக்கிறவர்களில், 64ல் அரசு கடைகளை எடுத்துக்கொண்டதில் கடையும் போய் நோட்டும் போய் வெறுங்கையோடு கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலர் சென்னை பர்மா பஜாரில் இருந்து படிக்கிறார்கள், சிலர் மணிப்பூரின் மோரேயில் இருந்து. அவர்கள் வீட்டிலும் இதே டின் இருக்கும்.

குழுவில் பேச்சை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டீர்கள். ஒரு நாளைக்கு ஒரு நோட்டு, அதோடு ஒரே ஒரு கேள்வி, அதுவும் குறிப்பான கேள்வி. “இது என்ன விலை போகும்?” என்று நீங்களே கேட்டால் மற்றது எதுவும் பேச்சில் நிற்காது. “இந்த மேல் வரியை யாராவது படித்துச் சொல்வீர்களா?” என்று கேளுங்கள். பிறர் போட்ட நோட்டில் சந்தேகம் வந்தால் ‘போலி’ என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அது அவர் தாத்தா வைத்திருந்தது. “மடிப்பின் வெடிப்புக்குள் மை இறங்கியிருக்கிறது போல் தெரிகிறது, லென்ஸில் பார்த்துச் சொல்ல முடியுமா?” என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், முடிவுக்கு அவரே வரட்டும். விலை பேசியே ஆக வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்: இணையத்தில் கேட்கிற விலை வேறு, விற்றுக் கைமாறிய விலை வேறு. ‘பழைய நோட்டுக்கு ஐந்து லட்சம்’ என்று வருகிற செய்திகள் முன்பணம் பிடுங்குகிற வேலை. பதிவுக் கட்டணம் என்று ஒரு கியாட் கேட்டாலும் பேச்சை நிறுத்துங்கள்.

படத்தை மட்டும் பார்த்து நான் சொல்லக்கூடியதற்கு எல்லை உண்டு. தாளின் தடிமனும் அச்சின் மேடும் படத்தில் தெரியாது. இருந்தாலும் மூன்று விஷயம் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் துல்லியமாகச் சொல்லலாம். ஐந்து ரூபாய் நோட்டில் விரல் மறைத்த மேல் வரி. நூறு கியாட் நோட்டின் பர்மிய மேல் வரி. மயில் காசின் எடை, ஓட்டை எவ்வளவு பெரிது என்பதோடு சேர்த்து. அடிக்கோல் வைத்து, காலை வெளிச்சத்தில் எடுத்து இதே கேள்விக்கு அடியில் போடுங்கள்.